கரடி கும்பையா சொன்ன சொல்

சித்திரைப் பௌர்ணமியன்று காலை ஆறு மணிக்கு, நாணல் குளத்தங்கரையில் மூன்று அடுப்புகள் புகைந்துகொண்டிருந்தன. மூன்றுக்கும் மாஸ்டர், கும்பையா என்ற கரடி.

கும்பையாவின் தேன் சோற்றைச் சாப்பிடாத வாய் அந்தக் காட்டில் கிடையாது. மூங்கில் அரிசியைக் குழையவிடாமல் வேகவைத்து, இறக்கின சூட்டிலேயே மலைத்தேனை ஊற்றிக் கிளறும். யானைகள்கூட மறுபடி இலையை நீட்டும். ஆனால் சோற்றுக்குத் துணையாக வரும் குழம்பும் கூட்டும் கும்பையாவின் கைவேலை இல்லை. தாளிப்பது செவ்வந்தி என்ற நீர்நாய். எண்ணெய் தெறித்தாலும் அதன் ஈர உடம்புக்கு உறைக்காது. காய் நறுக்குவது ஈட்டியப்பன் என்ற முள்ளம்பன்றி. அதற்குக் கத்தி வெளியிலிருந்து வரவேண்டியதில்லை.

இரண்டுக்கும் ஓர் ஆசை. வனச் சமையலர் மன்றம் சித்திரைப் பௌர்ணமிதோறும் தேர்வு வைக்கும். தேறியவருக்குச் சான்று உண்டு. சான்று உள்ளவர் எந்தக் கரையிலும் சொந்தமாக அடுப்பு மூட்டலாம். இல்லாதவர் காலமெல்லாம் இன்னொருவர் அடுப்பில்தான் கரண்டி பிடிக்கவேண்டும்.

இது கும்பையாவுக்கு நன்றாகத் தெரியும். அதனால் அந்தப் பௌர்ணமிக்கென்று பார்த்து ஒரு பெரிய விருந்தை ஒப்புக்கொண்டுவிடும். ஒரு வருஷம் யானைக் கன்றுக்குக் காதுகுத்து. அடுத்த வருஷமும் அதே கன்றுக்குக் காதுகுத்து.

"போன வருஷம்தானே மாஸ்டர் குத்தினாங்க?" என்று ஈட்டியப்பன் கேட்டது.

"அது வலது காது. இது இடது. பெரிய காதுப்பா, ஒரே நாள்ல முடியுமா?"

இந்த வருஷம் என்ன விருந்து என்று செவ்வந்தி கேட்கவே இல்லை. குளித்துத் துடைத்துக்கொண்டு, ஈட்டியப்பனையும் கூட்டிக்கொண்டு நேராக மன்றத்துக்குக் கிளம்பிவிட்டது. கும்பையா அடுப்புகளை அப்படியே விட்டுவிட்டுப் பின்னாலேயே ஓடியது. இதுகள் போய்விட்டால் மூட்டை மூட்டையாகச் சேனைக்கிழங்கை யார் நறுக்குவது? அந்த நினைப்பிலேயே அதற்கு உள்ளங்கை அரித்தது.

மன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு. தேர்வுக்கு வருபவரின் மாஸ்டர், மருதமரத்தடியில் எல்லோர் முன்னாலும் நின்று, 'இவருக்குப் பக்குவம் வந்துவிட்டது' என்று வாய்விட்டுச் சொல்லவேண்டும். வரவில்லை என்று சொல்லிவிட்டால், இரண்டு மழைக்காலம் கழியும்வரை அவரை மன்றம் கூப்பிடாது. இதைப் பார்த்துக்கொள்வது மன்றத் தலைவி நாச்சியார் என்ற கூழைக்கடா. தாடைப் பையில் ஒரு வாய்க் குழம்பைத் தேக்கிவைத்துக்கொண்டு, பொழுது சாயும்வரை ருசி பார்க்கக்கூடியது.

கும்பையா மூச்சு வாங்க மரத்தடியில் நின்றது. முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டது.

"எனக்கே மனசு கஷ்டமாத்தான் இருக்கு. ரெண்டு பேருக்கும் இன்னும் பக்குவம் வரலை."

திரும்பும் வழியெல்லாம் கும்பையா சமாதானம் சொன்னது. தோற்றுப்போய் அவமானப்படக் கூடாதே என்றுதான் அப்படிச் சொன்னதாம். கரை சேர்ந்ததும் இரண்டுக்கும் ஆளுக்கொரு தேனடை கொடுத்தது. ஈட்டியப்பன் அதைத் தொடவில்லை. அன்று முழுக்க அதன் முள் படியவே இல்லை. செவ்வந்தி மட்டும் வழக்கம்போலத் தாளித்தது. வேறு கரையில் சொந்தமாக அடுப்பு மூட்ட வழியில்லாததால், இரண்டு மழைக்காலம் கழிந்தால் மாஸ்டர் மனம் மாறும் என்று நம்பி இரண்டும் அங்கேயே இருந்தன.

அடுத்த வருஷம் கும்பையாவே மன்றத்துக்குக் கிளம்பியது. அது குறிவைத்தது பெருஞ்சமையலர் பட்டம். அது கிடைத்தால் மலை முழுவதும் எந்த விருந்துக்கும் முதல் அழைப்பு. மன்றத்திலும் ஓர் இருக்கை. அதற்கு ருசியைத் தவிர இன்னொரு விதியும் இருந்தது. கும்பையாவும் அதைக் கேள்விப்பட்டிருந்தது. தேன் சோறு வாயில் விழுந்தபிறகு விதியை யார் நினைக்கப்போகிறார்கள் என்று விட்டுவிட்டது.

பண்டம் பாத்திரம் தூக்கச் செவ்வந்தியும் ஈட்டியப்பனும் கூடப் போயின. கும்பையா அன்று சமைத்ததைப்போல் அதற்கு முன் சமைத்ததில்லை. நாச்சியார் கண்ணை மூடி, தாடைப் பையை மெல்ல ஆட்டி ஆட்டி ருசித்தது. கும்பையாவின் மார்பு விம்மியது.

"குறையே இல்லை," என்றது நாச்சியார். "இனி உன் அடுப்பில் பக்குவம் வந்த இரண்டு பேரைக் காட்டு. ஆளை உருவாக்காதவருக்கு இந்தப் பட்டம் கிடையாது."

கும்பையா சட்டென்று பின்னால் கை காட்டியது. "இதோ நிக்கிறாங்களே. தாளிப்புல இவளை மிஞ்ச ஆள் கிடையாது. வெட்டுல இவனை."

"போன சித்திரையில் பக்குவம் வரவில்லை என்றாயே?"

"அதுக்கப்புறம் வந்துடுச்சு தாயி."

"இரண்டு மழைக்காலத்துக்கு ஒன்றுதான் கழிந்திருக்கிறது. அன்று நீ சொன்னது உண்மையானால், காட்ட உன்னிடம் ஆள் இல்லை. பொய்யானால், பொய் சொன்ன நாக்குக்கு மன்றத்தில் இருக்கை இல்லை. எது என்று நீயே சொல்லிவிடு."

எதைச் சொன்னாலும் பட்டம் போகிறது என்று கும்பையாவுக்குப் புரிந்தது. "சோறு நல்லா இருந்துச்சில்ல?" என்று மட்டும் முனகியது.

"இருந்தது. நல்ல சோற்றுக்கான சான்று உன்னிடம் முன்பே இருக்கிறது."

செவ்வந்தி கரண்டியைக் கழுவிக் கும்பையாவின் பக்கத்தில் வைத்தது.

"நாங்க வர்றோம் மாஸ்டர். கிழங்கு மூட்டை அடுப்புக்குப் பின்னால இருக்கு."

எதிர்க்கரையில் வேலம்மாள் என்ற ஆமை, கீரைக் கடைசலுக்குப் பேர்போனது. அன்று மாலையே இரண்டையும் சேர்த்துக்கொண்டது. எப்போது தேர்வுக்குப் போகவேண்டும் என்பதைத்தான் முதலில் விசாரித்தது. ஆட்கள் போய்விட்டால் என்ன செய்வாய் என்று அக்கம்பக்கத்தில் கேட்டதற்கு, வேறு ஆட்கள் வருவார்கள் என்றது.

மறு வருஷம் சித்திரைப் பௌர்ணமியன்று வேலம்மாள் மருதமரத்தடியில் நின்று இரண்டுக்கும் பக்குவம் வந்துவிட்டது என்று சொன்னது. இரண்டும் தேறின. பெருஞ்சமையலர் பட்டம் அன்று வேலம்மாளுக்கு வழங்கப்பட்டது.

கூட உழைப்பவரை உயரவிடாமல் தடுப்பவர், தன் உயர்வையும் சேர்த்தே தடுத்துக்கொள்கிறார்.