பவளத்துக்கு ஒரு வீடு

"சாமி, எனக்குத் தீட்சை எப்போங்க?"

தணிகாசலம் இதைக் கேட்பது முதல் தடவை அல்ல. மடத்துக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். பூக்குடலையைக் கொண்டுவந்து வைக்கும்போது கேட்பார். சாப்பிட்டு இலையை எடுக்கும்போதும் கேட்பார்.

சாமி அவரைவிட வயதில் சின்னவர். அதில் தணிகாசலத்துக்கு உள்ளுக்குள் ஒரு குறை. தலை நரைத்த குரு என்றால் காத்திருப்பதில் ஒரு நியாயம் உண்டு. இவரோ எதைக் கேட்டாலும் பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி சிரிக்கிறார்.

அன்றைக்கும் சிரித்தார். சிரித்துவிட்டு வாசலைக் காட்டினார். படிக்குக் குறுக்கே ஒரு கிழ நாய் படுத்திருந்தது.

"பவளத்துக்கு ஒரு வீடு பாருங்க. அப்புறம் கேளுங்க."

எழுந்து போய்விட்டார்.

அந்தியூருக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருக்கிற அந்தச் சின்ன மடத்துக்கு நல்ல பெயர் ஒன்று உண்டு. யார் சொல்கிறார்கள் அதை? ஊருக்கே அது நாய் மடம்தான். வேண்டாத நாயைக் கொண்டுவந்து கேட்டில் கட்டிவிட்டுப் போவார்கள். சாமி அவிழ்த்து உள்ளே விட்டுக்கொள்வார். நாய் வேண்டும் என்று வருகிறவர்களும் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமையானால் வருவார்கள், குட்டியாகப் பார்த்துத் தூக்கிக்கொண்டு போவார்கள்.

பவளத்தைக் கட்டிப்போட்டது வீடு மாறிப்போன ஒரு குடும்பம். பக்கத்தில் அதன் சாப்பாட்டுத் தட்டையும் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அவ்வளவு இரக்கம்!

உடம்பு செம்பழுப்பு. மூஞ்சி மட்டும் அரிசிமாவில் முக்கியெடுத்த மாதிரி வெளுத்திருக்கும். சாது என்றால் அப்படியொரு சாது. குட்டிகள் அதன் தட்டில் வாய் வைத்தால் தள்ளி உட்கார்ந்துகொள்ளும். கேட் திறக்கிற சத்தம் கேட்டால் இடுப்பை இழுத்துக்கொண்டு எழுந்துபோய் வந்தவர்களுக்கெல்லாம் வாலாட்டும். அவர்கள் ஒரு குட்டியோடு கிளம்பும்போது கேட்வரை போய் நின்று பார்த்துவிட்டு, திரும்பி வந்து படுத்துக்கொள்ளும்.

ஐப்பசி மழை பிடித்தால் மலைத் தண்ணீர் மடத்துக்குள் கசியும். கல்தரை ஈரம் தை வரைக்கும் காயாது. போன மழையிலேயே பவளத்துக்குப் பின்னங்கால் இரண்டும் பிடித்துக்கொண்டன. இன்னொரு மழைக்காலத்தை இந்த ஈரத்தில் தாங்காது, உலர்ந்த தரையாகப் பார்த்து அனுப்பிவிடுங்கள் என்று மாட்டு டாக்டர் சொல்லிவிட்டார்.

இதென்ன பிரமாதம் என்றிருந்தது தணிகாசலத்துக்கு. ஈரோட்டில் ஜவுளிக்கடையில் காலமெல்லாம் சேலை விற்றவர் அவர். கைக்குட்டை வாங்க வந்தவர்களைப் பட்டுச்சேலையோடு அனுப்பியவர். சாயம் போன மடிப்பை உள்ளே தள்ளி, முந்தானையை விரித்துக் காட்டினால் விற்காத சேலை உண்டா? ஒரு நாயைத் தள்ளிவிடுவதா பெரிய காரியம்?

பெரிய காரியமாகத்தான் இருந்தது.

வந்தவர்கள் அந்த வெளுத்த மூஞ்சியைத்தான் முதலில் பார்த்தார்கள். வயசாயிடுச்சுங்களா என்று கேட்டார்கள். பதில் சொல்வதற்குள் குட்டிகள் பக்கம் போய்விட்டார்கள். வாராவாரம் இதே கதை. தணிகாசலத்தின் வாய்ச்சாலகம் ஒன்றும் எடுபடவில்லை. ஆவணி போய்ப் புரட்டாசி வந்துவிட்டது.

ஒரு ஞாயிறு விடிகாலையில் அவர் மடப்பள்ளிக்குள் புகுந்தார். விளக்குக் கரியை வழித்து, விளக்கெண்ணெய் விட்டுக் குழைத்து, பவளத்தின் மூஞ்சியில் பூசினார். அது கண்ணை மூடிக்கொண்டு, என்னவோ செய்துகொள் என்பதுபோல் காட்டிக்கொண்டு நின்றது. பூசி முடித்துப் பார்த்தால் பாதி வயது குறைந்திருந்தது. மாதாமாதம் தன் தலைக்குப் பூசிப் பழகிய கை, சும்மாவா?

கோபியிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. நடு வயசுதானுங்க, தங்கமான குணம் என்று ஆரம்பித்தார் தணிகாசலம். அவர்களின் சின்னப் பெண் மஞ்சள் கவுன் போட்டிருந்தாள். பவளத்தைப் பார்த்ததும் சப்பணமிட்டு உட்கார்ந்து மடியைக் காட்டினாள். பவளம் போய் மூஞ்சியை அந்த மடியில் வைத்தது. வைத்ததோடு நிற்கவில்லை, சந்தோஷத்தில் இப்படியும் அப்படியும் தேய்த்தது.

கவுன் கரியாகிவிட்டது. பெண்ணின் அப்பா மடியைப் பார்த்தார், நாயைப் பார்த்தார், தணிகாசலத்தின் விரல்களைப் பார்த்தார். நாய்க்கு மை பூசி ஏமாற்றுவதைத்தான் மடத்தில் சொல்லிக்கொடுக்கிறார்களா என்று கேட்டுவிட்டு, பிள்ளையை இழுத்துக்கொண்டு போய்விட்டார். பவளம் கேட்வரை போய், கறுப்பும் வெள்ளையுமான மூஞ்சியோடு நின்று பார்த்தது.

சாமி வந்தார். மைக் கிண்ணத்தில் ஒரு விரலைத் தொட்டு முகர்ந்தார். தணிகாசலத்தின் தலையைப் பார்த்தார்.

"தலைக்கும் இதே சரக்குத்தானுங்களா?"

தணிகாசலத்துக்கு அங்கேயே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது.

சாமி உள்ளே போய் ஒரு ஈரத்துணியைக் கொண்டுவந்து அவர் கையில் வைத்துவிட்டு நகர்ந்தார்.

எண்ணெய்க் கரி லேசில் போகுமா? படியில் உட்கார்ந்து, பவளத்தை முழங்காலுக்கு நடுவில் நிறுத்தி, கண்ணைச் சுற்றியும் உதட்டு மடிப்பிலும் பதமாகத் துடைத்தார். துடைக்கத் துடைக்க வெள்ளை வந்தது. பாதியில் பவளம் ஒரு பெருமூச்சு விட்டு, முழுக் கனத்தையும் அவர் நெஞ்சில் சாய்த்துவிட்டது.

தணிகாசலம் கையை நிறுத்தினார். வீட்டுக்காரி போனபிறகு அவர்மேல் யாரும் இப்படிச் சாய்ந்ததில்லை. வெகுநேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

அதற்கப்புறம் பவளத்துக்குத் தனிப்பந்தி. சோற்றைப் பிசைந்து, குட்டிகளை விரட்டிவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து ஊட்டினார். சாயங்காலம் வாய்க்கால்வரை மெதுவாக நடத்திக் கூட்டிப்போனார். அவள் நின்றால் இவரும் நின்றார். தலைக்கு மை பூசுகிற நாள் வந்தது, போனது. அவருக்கு ஞாபகமே வரவில்லை. தீட்சை எப்போது என்று கேட்பதையும் விட்டுவிட்டார்.

ஒருநாள் மத்தியானம் வானம் இருட்டிக்கொண்டு இடித்தது. பவளம் மடப்பள்ளிப் பாத்திரங்களுக்குப் பின்னால் போய் ஒடுங்கி வெடவெடவென்று நடுங்கினாள். ஒன்றுமில்லை கண்ணு, ஒன்றுமில்லை தங்கம் என்று கொஞ்சிப் பார்த்தார். அதட்டிப் பார்த்தார். தெரிந்த பதிகத்தை ராகம் போட்டுப் பாடியும் பார்த்தார். அவர் குரலுக்கு நடுக்கம் அதிகமானதுதான் மிச்சம். கடைசியில் சொல்ல ஒன்றும் இல்லாமல் அவள் முதுகில் கையை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்தார். நடுக்கம் நின்றது.

மறுநாள் அவர் சாமியிடம் போனார்.

"சாமி, அவ இங்கயே இருந்துட்டுப் போகட்டுமே."

சாமி அவரை மடத்தின் பின்கட்டுக்குக் கூட்டிப்போனார். ஒரு மழைக்கே சுவர் ஊறிக் கிடந்தது. தரையெல்லாம் ஈரம். பின்னாலேயே வந்த பவளம் உட்காரப் பார்த்து, பின்னங்கால் வழுக்கி, விழுந்தாள். எழ முடியவில்லை. தணிகாசலம்தான் தூக்கி நிறுத்தினார். திருப்பூரில் தன் மகன் வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்றால் அது மூன்றாவது மாடி. அவளால் படி ஏற முடியாது.



அந்த ஞாயிறு சத்தியமங்கலத்திலிருந்து கிருபாவதி என்று ஒரு அம்மாள் வந்தார். தபாலாபீஸில் வேலை. தனியாள். வளர்த்த நாய் ஆடி மாசம் செத்துப்போயிற்றாம். வயசான நாயாக இருந்தால் கொடுங்கள் என்று கேட்டார். குட்டியென்றால் நான் வேலைக்குப் போனதும் அழுதுகொண்டிருக்கும், வயசானது என்றால் படுத்துத் தூங்கும், சாயங்காலம் இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிடலாம் என்றார். வீடு தரைத்தளம். சிமெண்டுத் தரை, ஈரம் அண்டாது.

எத்தனை வாரமாகத் தேடிய ஆள்! தணிகாசலம் நகர்ந்து பவளத்தை மறைத்துக்கொண்டு நின்றார்.

காது சரியாகக் கேட்காதுங்க என்றார். பரவாயில்லைங்க என்றார் அந்த அம்மாள். இருந்த இடத்திலேயே மூத்திரம் போகும் என்றார். செத்துப்போனதும் அப்படித்தான் இருந்தது, துடைத்துக்கொள்ளலாம் என்றார் அந்த அம்மாள். நாற்றம் அடிக்கும், ராத்திரியெல்லாம் முனகும், பொங்கல்வரை தாங்குமோ தாங்காதோ என்றெல்லாம் சொன்னார். சேலையைப் பிரித்துப் பிரித்து ஓட்டையாகக் காட்டுகிற வியாபாரியை அந்த அம்மாள் எங்கும் பார்த்திருக்க மாட்டார்.

எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். போகிற மாதிரித் தெரியவில்லை.

"கடிக்குங்க," என்றார் தணிகாசலம்.

பவளம் அப்போது அந்த அம்மாளின் செருப்புமேல் தாடையை வைத்துக் கண்ணை மூடியிருந்தாள்.

கிருபாவதி குனிந்து பார்த்தார். நிமிர்ந்து தணிகாசலத்தைப் பார்த்தார்.

தூண் பக்கத்தில் நின்றிருந்த சாமி உள்ளே போனார். ஒரு ஈரத்துணியோடு வந்தார். அதைத் தணிகாசலத்தின் கையில் வைத்தார்.

தணிகாசலம் துணியைப் பார்த்தார். அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. துடைத்துக்கொண்டு நிமிர வெகுநேரம் ஆயிற்று.

"கடிக்காதுங்க. பொய் சொல்லிட்டேன்."

"தெரிஞ்சுதுங்க," என்றார் கிருபாவதி. "இவளுக்கு என்ன பிடிக்கும்னு சொல்லுங்க."

இத்தனை ஞாயிறுகளில் யாரும் கேட்காத கேள்வி. தணிகாசலம் சொன்னார். தயிர்சாதத்தில் கொஞ்சம் வெதுவெதுப்பாகத் தண்ணீர் விட வேண்டும். இட்லி என்றால் உயிர், சட்னி ஆகாது. இடது காதுக்குக் கீழே சொறிந்தால் பின்னங்கால் தானாக ஆடும். நடக்கும்போது நின்றுவிட்டால் கயிற்றை இழுக்கக்கூடாது, எதையோ மோந்துகொண்டிருக்கிறாள் என்று நாமும் நிற்க வேண்டும். சொல்லச் சொல்ல வந்துகொண்டே இருந்தது. இதையெல்லாம் எப்போது தெரிந்துகொண்டோம் என்று அவருக்கே விளங்கவில்லை.

"இடி இடிச்சா மட்டும் பயப்படுவா. நீங்க ஒண்ணும் பேச வேண்டாங்க. முதுகுல கையை வெச்சாப் போதும்."

ஆட்டோ வந்தது. அவரே தூக்கி உள்ளே உட்கார வைத்தார். தட்டையும் மறக்காமல் கொண்டுபோய்க் கொடுத்தார். ஆட்டோ கிளம்பியபோது பவளம் கிருபாவதியின் கைக்கு மேலே தலையை நீட்டி அவரைப் பார்த்தாள். அவர் கேட்வரை போய் நின்றார். வண்டி பனைமரங்களைத் தாண்டி மறைகிறவரைக்கும் நின்றார். பிறகு திரும்பி வந்தார்.

சாயங்காலம் சாமி படியில் உட்கார்ந்திருந்தார். தணிகாசலமும் போய் ஒரு ஓரமாக உட்கார்ந்தார். அவர் தலையில் வகிட்டை ஒட்டி ஒரு விரற்கடை வெள்ளை முளைத்திருந்தது.

"வீடு கிடைச்சிருச்சு," என்றார் சாமி. "இப்பக் கேளுங்க."

"எதைங்க சாமி?"

உண்மையாகவே அவருக்குத் தெரியவில்லை.

மேற்கே மலைமேல் வானம் கறுத்தது. ஒரு மின்னல். கொஞ்ச நேரம் கழித்து இடி உருண்டுவந்தது.

தணிகாசலத்தின் கை பக்கத்துப் படிக்குப் போயிற்று. அங்கே வெறும் கல்தான் இருந்தது. கை அதன்மேலேயே கிடந்தது.

"அங்கயும் இடிக்குமுங்களா சாமி? அந்தம்மா ஞாபகம் வெச்சிருப்பாங்களா?"

அவருக்கு உதடு நடுங்கியது. மறுபடியும் இடித்தது.

சாமி ஒன்றும் பேசவில்லை. பக்கத்தில் நகர்ந்து வந்து, அவர் முதுகில் கையை வைத்தார்.