மாடு பூட்டிய மோட்டார்

மருதங்காவல் ஜமீனுக்கு முதல் மோட்டார் கார் வந்தபோது ராஜா கஸ்தூரிரங்கப்ப நாயக்கர் ஒரு வாரம் அதை விட்டு இறங்கவில்லை. அரண்மனை வாசலில் அதில் உட்கார்ந்தபடியே வழக்குக் கேட்டார், வெற்றிலை போட்டார். சம்புலிங்கம் பிள்ளை பக்கத்திலேயே நின்று அதன் அழகைப் புகழ்ந்துகொண்டிருந்தார். அதுதான் அவருடைய உத்தியோகம். சபையில் எதைப் பற்றிப் பேச்சு வந்தாலும் அதைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்தவர்போல் நான்கு வார்த்தை சொல்ல வேண்டும். மோட்டாரைப் பற்றி அவருக்குத் தெரிந்தது, அதற்குப் புல் வைக்க வேண்டாம் என்பது மட்டும்தான்.

கார் கொஞ்சம் ஓடிய பிறகு டிரைவர் சவரிமுத்து வழக்கப்படி எஞ்சின் எண்ணெயை வடித்தான். ராஜா எட்டிப் பார்த்தார். தேன்போல ஊற்றிய எண்ணெய் கறுத்துப் போயிருந்தது. வெயிலில் ஏதோ மினுமினுத்தது. புது எஞ்சினில் முதலில் அப்படித்தான் வரும் என்று சவரிமுத்து சொன்னான். ராஜாவுக்குத் திருப்தி இல்லை. பிள்ளையைத் திரும்பிப் பார்த்தார்.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அந்த வார்த்தை பிள்ளையின் வாயில் வந்து பழக்கமில்லை. முந்தின நாள் வடை மடித்து வந்த செய்தித்தாளில், சென்னையில் எண்ணெய், நெய் எல்லாவற்றையும் சோதிக்கிற ரசாயனசாலை ஒன்று இருப்பதாகப் படித்திருந்தார். அங்கே அனுப்பிப் பார்த்துவிடலாம் என்றார். சபை முழுவதும் அவரை வியந்து பார்த்தது. அவரும் தம்மை வியந்துகொண்டார்.

சென்னையிலிருந்து பதில் வந்தது. எண்ணெயில் இரும்புத் தூள் இருக்கிறது, செம்புத் தூள் இருக்கிறது என்று எழுதியிருந்தார்கள். அது நல்லதா கெட்டதா என்று எழுதவில்லை. அதைச் சொல்ல, ஜமீன் நிர்வாகம் பார்க்கிற பேஷ்கார் வரதப்பர் இருந்தார். அவருடைய மைத்துனர் ஒருவர் திருச்சியில் மோட்டார் ஓட்டக் கற்றுக்கொண்டு வேலையில்லாமல் இருந்தார். இரும்பும் செம்பும் தானாக எண்ணெயில் விழுமா, யாரோ வேண்டுமென்றே அரத்தால் ராவிப் போட்டிருக்கிறார்கள் என்று பேஷ்கார் ராஜாவின் காதில் போட்டார்.

ராஜா கொதித்துப் போனார். யார் சொன்னதும் காதில் ஏறவில்லை.

“நாளைக்குப் புது எண்ணெய் ஊற்றுங்கள். வண்டி கொல்லங்கரைக் கோயில்வரை போய்த் திரும்பி வரவேண்டும். ஊற்றின எண்ணெய் ஊற்றினபடியே இருக்க வேண்டும். ஒரு தூசி இருந்தாலும் சவரிமுத்து ஊரைவிட்டுப் போய்விட வேண்டும்” என்றார்.

அன்று சாயங்காலம் சவரிமுத்து பிள்ளையின் வீட்டுக்கு வந்தான். குறை ஒன்றும் சொல்லவில்லை. மனைவிக்கு இது எட்டாம் மாதம், இப்போது வீட்டைக் காலி செய்யச் சொன்னால் எங்கே போவது என்றுதான் தெரியவில்லை என்றான். பிள்ளையால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நாம் வடையோடு நிறுத்தியிருக்கலாம், காகிதத்தைப் படித்திருக்க வேண்டாம் என்று நினைத்துக்கொண்டார்.

காலையில் இட்லியை வாயில் வைத்தார். நறநறவென்றது. மனைவி மீனாம்பாள், “புது ஆட்டுக்கல்லுங்க. முதல் ரெண்டு ஈடு கல்லு உதிரத்தான் செய்யும். அப்புறம் சரியாயிடும்” என்றாள். பிள்ளை மென்றது மென்றபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு கையைக் கழுவிவிட்டு அரண்மனைக்கு ஓடினார். பயணத்தைத் தாமே கூட இருந்து நடத்துவதாக ராஜாவிடம் அனுமதி வாங்கினார். ராஜா சொன்ன உத்தரவை அவர் வாயாலேயே இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.

நல்ல சகுனம் என்று சொல்லிச் சேவகர்களைக் கொண்டு ஊர் எல்லைவரை காரைத் தள்ளவைத்து, அங்கே முன்னால் ஒரு ஜோடி மாட்டைப் பூட்டினார். சவரிமுத்து எஞ்சினைத் தொடாமல் ஸ்டியரிங் வளையத்தை மட்டும் பிடித்தான். பக்கத்தில் பிள்ளை ஜரிகைத் தலைப்பாகையோடு உட்கார்ந்தார். சந்தைக்குப் போகிற கட்டைவண்டிகள் எல்லாம் அவர்களை முந்திக்கொண்டு போயின. ஒரு கிழவர், பெட்ரோல் குடிக்கிற மாடுகள் இவைதானா என்று மரியாதையாக விசாரித்தார். பிள்ளை அவருக்கும் தெரிந்தவர்போல் நான்கு வார்த்தை பதில் சொன்னார்.

பொழுது சாய்வதற்குள் வண்டி அதே மாதிரி திரும்பியது. ராஜாவின் முன்னால் எண்ணெயை வடித்தார்கள். பேஷ்கார் தம் வெள்ளை அங்கவஸ்திரத்தின் நுனியை அதில் முக்கி எடுத்துப் பார்த்தார். ஒரு தூசி இல்லை. ராஜா முகம் மலர்ந்தது. ஆனால் வழியில் நடந்ததைச் சேவகன் ஒருவன் ஏற்கெனவே பேஷ்காரிடம் சொல்லியிருந்தான். அவர் அதை உடனே ராஜாவிடம் சொல்லிவிட்டார்.

“எஞ்சினை ஏன் ஓட்டவில்லை?” என்று ராஜா அதட்டினார்.

“ஓட்டினால் எண்ணெய் அழுக்காகிவிடும் மகாராஜா. வண்டி போய் வரவேண்டும் என்று உத்தரவு. வந்துவிட்டது. எண்ணெய் ஊற்றினபடி இருக்க வேண்டும் என்று உத்தரவு. இருக்கிறது.”

பிள்ளை குரலைத் தாழ்த்திச் சொன்னார். “புது ஆட்டுக்கல்லில் முதல் மாவு நறநறக்கத்தான் செய்யும். அதற்காக அரைத்தவளை யாரும் வீட்டைவிட்டுத் துரத்துவதில்லை. எஞ்சின் பழகட்டும். அப்புறமும் தூள் வந்தால், அப்போது சென்னைக்கு அனுப்பினால் அர்த்தம் உண்டு.”

ராஜா எண்ணெயைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார். சவரிமுத்துவைக் கூப்பிட்டு, வேலையும் வீடும் அவனுக்குத்தான் என்றார். பேஷ்காரிடம், “உம் மைத்துனரை வரச் சொல்லும். மாடு பூட்டுகிற நாட்களில் அவர் ஓட்டட்டும்” என்றார். தம் கைக் கடகத்தைக் கழற்றிப் பிள்ளைக்குப் போட்டார். போட்ட பிறகுதான் அவருக்கு ஒன்று நினைவு வந்தது.

“ஆமாம், எண்ணெயைச் சோதனைக்கு அனுப்பச் சொன்னதே நீர்தானே?”

“நான்தான் மகாராஜா.”

“அப்படியானால் அடுத்த தடவை உம்முடைய மூளையை அனுப்பிச் சோதித்துப் பார்க்கலாமா?”

“தாராளமாக அனுப்புங்கள் மகாராஜா” என்றார் பிள்ளை. “ஒரு தூசி இருக்காது. இதுவரை ஓட்டினதே இல்லை.”