நாச்சிமுத்து பஸ்ஸை விட்ட கதை

ஆண்டவன் மூளையைப் பங்கு போட்ட அன்றைக்கு மூன்று பேர் டீ குடிக்கப் போயிருந்தார்கள். அந்த மூவரையும் தேடிப் பிடித்து, கரூரில் ஒரு பஸ் கம்பெனி தன் கம்ப்யூட்டர் பிரிவில் உட்கார வைத்தது. தலைவர் நாச்சிமுத்து. எடுபிடிகள் தெய்வசிகாமணியும் குழந்தைவேலும்.

டிக்கெட் விவரம் முழுவதும் ஆபீசில் உள்ள பெரிய சர்வரில் இருக்கும். அதன் நகல் பஸ் ஸ்டாண்டு கவுண்ட்டரில் உள்ள சின்ன சர்வருக்குத் தானாகப் போய்ச் சேரும். அன்று மத்தியானம் பன்னிரண்டு மணியோடு நகல் போவது நின்றுவிட்டது. வேறு நாளாக இருந்தால் நாச்சிமுத்து கண்டுகொண்டிருக்க மாட்டார். ஆனால் நாற்பது வயதில், எத்தனையோ பெண் வீட்டார் கைவிரித்த பிறகு, தென்காசியில் ஒரு வீட்டில் மறுநாள் காலை பெண் பார்க்க வரச் சொல்லியிருந்தார்கள். மாலை ஆறு மணி பஸ்ஸுக்கு அவர் பன்னிரண்டுக்கு மேல் போட்ட டிக்கெட் பெரிய சர்வரில் இருந்தது, சின்னதில் இல்லை.

சென்னையில் உள்ள நிபுணருக்குப் போன் போட்டார்கள்.

“நகல் மூணு மணி நேரம் பின்தங்கி இருக்கு. சரி பண்ணிட்டு, ரெண்டும் ஒண்ணுபோல இருக்கான்னு பாத்துக்கங்க” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். யாரிடம் பேசுகிறோம் என்று தெரியாத பாவம்.

“மூணு மணி நேரந்தானுங்களே!” என்றான் குழந்தைவேல். பஸ் ஸ்டாண்டுக்கு ஓடி, சின்ன சர்வரின் கடிகாரத்தை மூன்று மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தான். ஊரெல்லாம் மணி மூன்று. அதற்கு மட்டும் ஆறு. உடனே அது, ‘ஆறு மணி பஸ் புறப்பட்டுவிட்டது’ என்று காட்டியது. டிக்கெட் கேட்டு நின்ற ஜனத்தையும், டிக்கெட்டோடு வந்த ஜனத்தையும் கவுண்ட்டரில் திருப்பி அனுப்பினார்கள்.

பெரிய சர்வரோ பஸ் இன்னும் போகவில்லை என்றது. மூவரும் கூடி உட்கார்ந்தார்கள்.

“ஒண்ணு போயிருச்சுங்குது, ஒண்ணு போகலைங்குது. எதுடா பொய்யி?” என்றார் நாச்சிமுத்து.

“அதிகமாப் பேசறவன்தானுங்க பொய் பேசுவான். பெருசுலதான் டிக்கெட்டு நெறைய இருக்குது” என்றான் தெய்வசிகாமணி.

“தெரியாததுக்குச் சொல்லிக் குடுக்கறது கஷ்டமுங்க. தெரிஞ்சதை மறக்கடிக்கறது சுளுவு” என்றான் குழந்தைவேல்.

நாச்சிமுத்து மோவாயைத் தடவி யோசித்தார், யோசிக்க அங்கே என்ன இருந்ததோ. பெரியதைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, சின்னதில் இருப்பதை அதில் ஏற்றச் சொன்னார். அவருடைய டிக்கெட்டும் அதோடு போனது. இப்போது இரண்டும் அச்சு அசலாக ஒன்று. மூவரும் கைகுலுக்கிக்கொண்டு, வேலை முடிந்த திருப்தியில் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார்கள்.

தென்காசி பஸ் அங்கே ஈ காக்கை இல்லாமல் நின்றுகொண்டிருந்தது.

“வாங்க சார், வண்டி காலியாக் கெடக்குது. எங்க வேணாலும் உக்காருங்க!” என்று கண்டக்டர் கூப்பிட்டார்.

“போன பஸ்ஸுல எப்படிப்பா ஏறுறது?” என்றார் நாச்சிமுத்து.

“எங்க போச்சு? இதோ நிக்குதுல்ல!”

“ரெண்டு சர்வரும் ஒரே மாதிரி சொல்லுது. அதை விட்டுட்டு நீ ஒருத்தன் சொல்றதை நம்பச் சொல்றயா?”

தென்காசிக்குப் போன் போட்டு, பஸ்ஸை விட்டுவிட்ட துக்கத்தைச் சொன்னார். “சரி, நாங்க வேற எடம் பாத்துக்கிடுதோம்” என்றார் பெண்ணின் அப்பா. அந்தப் பெண் பிழைத்தாள்.

ஆறு மணிக்கு டிரைவர் வெறும் வண்டியைக் கிளப்பினார். அது வளைவில் திரும்பி மறையும் வரை நாச்சிமுத்து பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, பெருமை பொங்க எடுபிடிகள் பக்கம் திரும்பினார்.

“சொன்னனா இல்லையா? சர்வர் சொன்னபடியே போயிருச்சு பாரு!”