காது எட்டிய குழந்தை

ரொம்பக் காலத்துக்கு முன்னால் செங்கழனி நாட்டை மகுடவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் காலையில் ஒன்று தோன்றும், சாப்பிட்டு எழுந்தால் வேறொன்று தோன்றும். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பதுதான் சபையின் வேலை.

அவருடைய தாத்தா கட்டிவைத்த அறிவுச்சாலை ஒன்று அந்த ஊரில் இருந்தது. நாட்டிலேயே சூட்டிகையான பிள்ளைகளைப் பொறுக்கியெடுத்து, தங்கவைத்துப் படிப்புச் சொல்லித்தரும் இடம். சேர்ந்துவிட்டால் பொங்கலுக்கும் தீபாவளிக்கும்தான் வீடு. வயதெல்லாம் யாரும் கேட்பதில்லை. பிள்ளை தன் வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொட வேண்டும். எட்டினால் சேர்ப்பார்கள், எட்டாவிட்டால் அடுத்த வருஷம் வரச் சொல்வார்கள்.

அமைச்சர் நல்லாதனார் அங்கே படித்தவர். எல்லோரையும்விடச் சின்ன வயதில் சேர்ந்தவர் என்று வாசல் கல்லில் அவர் பெயரை வெட்டியிருந்தார்கள். அந்தக் கல்லைக் கடக்கும்போதெல்லாம் வித்தகராயருக்கு வயிறு எரியும். சபையில் அவருக்கு இரண்டாவது ஆசனம். முதல் ஆசனம் நல்லாதனாருக்கு. எரியாமல் என்ன செய்யும்?

ஒருநாள் வித்தகராயர் தம் மகள் வஞ்சியை இடுப்பில் தூக்கிக்கொண்டு சபைக்கு வந்தார். ஒரு பல்கூட விழுந்து முளைக்காத குழந்தை.

"மன்னா, எது வேண்டுமானாலும் கேளுங்கள்" என்றார்.

ராஜா கேட்டார். ராஜவம்சத்தைக் கேட்டார், நட்சத்திரங்களைக் கேட்டார், பெருக்கல் கேட்டார். குழந்தை கண்ணை இமைக்காமல் எல்லாவற்றையும் கடகடவென்று ஒப்பித்தது. கடைசியில் கையைத் தலைக்கு மேலே போட்டது. எட்டவில்லை. வித்தகராயர் லேசாகக் கனைத்தார். உடனே வஞ்சி கழுத்தைத் தோள்வரைக்கும் சாய்த்து, "தொட்டுட்டேன்!" என்றாள்.

"பலே! நாளைக்கே சேருங்கள்! வாசல் கல்லில் இவள் பெயரை வெட்டுங்கள்!" என்று ராஜா குதித்தார்.

நல்லாதனார் எழுந்தார். "மன்னா, கை காதுக்குப் போகவில்லை. காதுதான் கைக்கு வந்தது. இவ்வளவு சாய்த்தால் தொட்டில் பிள்ளைகூடத் தொட்டுவிடும்."

"தம்முடைய பெயர் போய்விடுமே என்று அமைச்சருக்குக் கவலை!" என்றார் வித்தகராயர். சபை கிசுகிசுத்தது.

"நியாயமான சந்தேகம்தான். கல்தச்சரை அனுப்பி என் பெயரை இப்போதே கொத்தியெடுக்கச் சொல்லுங்கள் மன்னா. அதற்குப் பிறகு நான் ஒரு சோதனை வைக்கிறேன்" என்றார் நல்லாதனார்.

அப்படியே உத்தரவாயிற்று. உளிச் சத்தம் சபைவரைக்கும் கேட்டது. அது ஓய்ந்ததும் நல்லாதனார் குழந்தையின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"வஞ்சிம்மா, எத்தனை பதில் சொன்னே! இப்போ நீ கேளு, நாங்க பதில் சொல்றோம். உனக்கு என்ன தோணுதோ அதைக் கேளு."

குழந்தை அப்பாவைப் பார்த்தது. அவர் சத்தமில்லாமல் வாயை அசைத்தார். நல்லாதனார் மெல்ல நகர்ந்து, தம் அங்கவஸ்திரத்தை விரித்து அவரை மறைத்துக்கொண்டார். வஞ்சி ராஜாவைப் பார்த்தாள், தூண்களைப் பார்த்தாள்.

"நான் ஒரு பதிலைத் தப்பாச் சொல்லியிருந்தா, என்னை அம்மாகிட்டயே விட்டிருப்பீங்களா?"

வித்தகராயர் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கும் அது வலித்திருக்கும், பெற்றவர்தானே.

"நீங்களும் சின்ன வயதில் போனவர்தானே அமைச்சரே?" என்று ராஜா மெதுவாகக் கேட்டார்.

"போனேன் மன்னா. பாடம் எனக்குச் சுலபமாகத்தான் இருந்தது. ராத்திரிகள்தான் கஷ்டமாக இருந்தன. எல்லாப் பதிலும் தெரிந்த பிள்ளை அழுதால் அதை யாரும் நம்புவதில்லை."

"அப்படியானால் இவளைச் சேர்க்கவே வேண்டாமா?"

"அதுவும் தப்பு. கெட்டிக்காரக் குழந்தையை வீட்டிலேயே வைத்திருந்தால் அலுத்துப்போய், கேட்பதையே விட்டுவிடும். சரியான நாள் எதுவென்று எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. வித்தகராயரால்தான் சொல்ல முடியும்."

"நானா?" என்றார் வித்தகராயர்.

"நீங்கள்தான். இன்று முதல் அவளை எதையும் ஒப்பிக்கச் சொல்லாதீர்கள். அவள் கேட்பதற்குப் பதில் மட்டும் சொல்லுங்கள். என்றைக்கு நீங்கள் இந்தச் சபைக்கு வந்து, 'மகள் கேட்ட கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை' என்று சொல்கிறீர்களோ, அன்றைக்கு அவளைச் சேர்த்துக்கொள்ளலாம்."

வித்தகராயர் நிமிர்ந்தார். "அப்படியென்றால் அவள் கிழவியான பிறகுதான் சேர்வாள். எனக்குத் தெரியாதது என்ன இருக்கிறது?"

ராஜா சிரித்த சிரிப்பில் மகுடம் சரிந்தது. நல்லாதனார் சொன்னதையே ஆணையாக்கி, தம் முத்துமாலையைக் கழற்றி அவர் கழுத்தில் போட்டார்.

முதல் சில மாதங்கள் வஞ்சி ஒன்றுமே கேட்கவில்லை. ஒப்பிக்கச் சொல்வார்களோ என்று பயந்தே நடந்தாள். பிறகு எறும்பைப் பற்றிக் கேட்டாள், இடியைப் பற்றிக் கேட்டாள். தெரிந்ததை வித்தகராயர் சொன்னார். தெரியாததை அளந்துவிட்டார். குழந்தை அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு விளையாடப் போய்விடும்.

இரண்டு மழைக்காலம் போயிற்று. ஒரு சாயங்காலம் கோயிலிலிருந்து திரும்பும்போது வஞ்சி நடுத்தெருவில் நின்றாள்.

"அப்பா, நிலா நம்ம கூடவே வருது. எதிர்ல போறவங்களும் அவங்க கூடத்தான் வருதுன்னு சொல்வாங்கல்ல? அப்போ அது நிஜமா யார் கூடப் போகுது?"

வித்தகராயர் எதையோ அளக்க வாயைத் திறந்தார். மகள் அவர் முகத்தையே பார்த்தபடி காத்துக்கொண்டிருந்தாள். அவரால் பொய் சொல்ல முடியவில்லை.

மறுநாள் சபையில் அவர் ஆசனத்தில் உட்காரவில்லை. நின்றபடியே, "மன்னா, என் மகள் கேட்ட கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை" என்றார். சிரிக்க வாயெடுத்தவர்களை ராஜா ஒரு பார்வையால் அடக்கினார்.

"இந்தச் சபையில் இதைச் சொன்ன முதல் ஆள் நீங்கள்தான், வித்தகராயரே. குழந்தையை அறிவுச்சாலைக்கு அழைத்துப் போங்கள்."

அறிவுச்சாலை வாசலில் அழுதவர் வித்தகராயர்தான். வஞ்சி அவர் பிடியிலிருந்து தன் கையை மெல்ல உருவிக்கொண்டாள்.

"நீங்க வீட்டுக்குப் போங்கப்பா. நான் கேட்டுட்டு வந்து உங்களுக்குச் சொல்றேன்."