திட்டுக்குதிரைக்காரன் சொன்ன மருந்து

உட்காருங்கள், சொல்கிறேன். நானே அலுத்துச் சலித்துத்தான் வந்திருக்கிறேன். இதுவும் அலுத்துப்போன ஒருவனின் கதைதான்.

கடல்கள் பல தாண்டி, ஓயாமல் மழை பெய்கிற அயர்லாந்து தேசத்தில், முன்னொரு காலத்தில் பின்டன் என்று ஓர் உப்பு வியாபாரி இருந்தான். கறுப்பும் வெள்ளையுமாகத் திட்டுத்திட்டாக ஒரு குதிரை வைத்திருந்தான். வினையே அந்தக் குதிரையால்தான் வந்தது.

அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம். பிள்ளைக்குக் கக்குவான் இருமல் வந்தால், திட்டுக்குதிரை மேல் வருகிறவனை மறித்து மருந்து கேட்பார்கள். அவன் வாயில் எது வருகிறதோ அதுதான் மருந்து. வைத்தியனா, வெறும் பயலா என்று யாரும் பார்ப்பதில்லை. பின்டனுக்கு இதே தொல்லை, தினமும்.

ஒருநாள் விடிந்ததிலிருந்தே மழை. பாலத்தில் ஒருத்தி மறித்தாள். "வெங்காயத்தைச் சுட்டு உள்ளங்காலில் கட்டு" என்றான். மேட்டில் ஒருத்தி மறித்தாள். "கழுதைப்பால் கொடு" என்றான். ஏரிக்கரையில் ஊனா என்பவள் மறித்தாள். அவள் இடுப்பில் இருந்த குழந்தை இருமி இருமி முகமே நீலம் பாரித்திருந்தது.

"ஐயா, எனக்கென்று மிஞ்சியது இது ஒன்றுதான். ஒரு வார்த்தை சொல்லுங்கள்."

பின்டனுக்கு முதுகு விண்விண்ணென்று தெறித்தது. பசி வேறு. "ஏரியில் கொண்டுபோய் முக்கு, போ!" என்று எரிந்து விழுந்துவிட்டுப் போனான்.

கொஞ்ச தூரம் போன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. அடப் பாவி, அவள் அப்படியே செய்துவிடுவாளே! குதிரையைத் திருப்பி விரட்டினான். ஊனா முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்று, அழுதுகொண்டே குழந்தையின் துணியைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"வேண்டாம் அம்மா! சலிப்பில் உளறிவிட்டேன்."

"குதிரை மேலிருந்து சொன்னது சொன்னதுதான். அதே ஆள் மாற்றிச் சொன்னால் பலிக்காது" என்றாள்.

பின்டன் குதிரையிலிருந்து குதித்தான். தாயையும் பிள்ளையையும் தூக்கி அதன் மேல் உட்காரவைத்தான். தொப்பியைக் கழற்றிவிட்டுச் சேற்றில் நின்றான்.

"இப்போது குதிரைமேல் இருப்பது நீ. கேட்கிறவன் நான். இந்தப் பிள்ளைக்கு என்ன மருந்து, தாயே?"

ஊனா குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பாலில் பூண்டு போட்டுக் காய்ச்சி, ஆற்றி ஊட்ட வேண்டும். அடுப்படியில் நெஞ்சோடு அணைத்து வைத்துக்கொள்ள வேண்டும்" என்றாள், மெதுவாக.

"அதையே செய்" என்று சொல்லி, வீடுவரை அவளைக் குதிரையில் கொண்டுபோய் விட்டான். அவன் நடந்தான்.

குழந்தை பிழைத்தது. பூண்டாலா, தாயின் சூட்டாலா என்று என்னைக் கேட்காதீர்கள். பின்டனின் அலுப்பு தீரவில்லை, மறுநாளும் மறித்தார்கள். ஆனால் அதற்குப் பிறகு யார் மறித்தாலும் முதலில் இறங்குவான். பிள்ளையின் முகத்தைப் பார்ப்பான். அப்புறம்தான் வாயைத் திறப்பான்.

நம்மை நம்பி நிற்கிறவரிடம், எவ்வளவு அலுத்திருந்தாலும், வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடக் கூடாது.