பேரேரி சபைக்கு வந்த கதை

எந்தக் கல்வெட்டும் கணக்கில் வைத்துக்கொள்ளாத ஒரு காலத்தில், பெயரைக் கேட்டால் ஆளுக்கொன்று சொல்லக்கூடிய ஒரு நாட்டில், அரசவைக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. அங்கே அரசரைத் தவிர அனைவரும் மணையில்தான் அமர்வர். எல்லா மணைகளும் ஒரே நீளம், ஒரே உயரம். அகலம் மட்டும் வேறு. ஒருவர்மேல் அரசருக்கு மகிழ்ச்சி பெருகினால் அவருடைய மணைக்கு இரண்டு விரல் அகலம் கூடும். மகிழ்ச்சி குறைந்தால் தச்சர் உளியோடு வருவார்.

மணைகளைப் பேணும் பொறுப்பு மாசாத்தனாருடையது. அவர் காலையில் அவைக்குள் நுழைந்ததும் முதலில் மணைகளைப் பார்ப்பார். அரசரைப் பிறகு பார்ப்பார். தம் மணையே எல்லாவற்றிலும் அகலமானது என்று உறுதி செய்துகொண்ட பின்னரே அவருக்கு மூச்சு சீராகும்.

ஒருநாள் சேந்தன் என்னும் விகடகவி சொன்ன வேடிக்கைக்கு அரசர் கிரீடம் நழுவும்வரை சிரித்தார். அன்று மாலையே சேந்தனின் மணை அகலமாயிற்று. மாசாத்தனார் சாண் வைத்துப் பார்த்தார். இரண்டும் சமம். சமம் என்பது இத்தனை பெரிய அவமானம் என்று அவர் அதற்குமுன் அறிந்ததில்லை.

இலையில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்த அவரை மனைவி கேட்டாள்: "சோறு ஆறுகிறது. என்ன நடந்தது?"

"அந்தச் சேந்தனின் மணையை அகலமாக்கிவிட்டார்கள்."

"உங்கள் மணையைக் குறைத்துவிட்டார்களா?"

"இல்லை."

"பிறகு என்ன?"

மாசாத்தனார் சோற்றைப் பிசையத் தொடங்கினார். "மோர் ஊற்று" என்றார்.

மறுநாள் அரசர் தம் சிறுமகள் நங்கையை அவைக்கு அழைத்து வந்தார். அவளுக்கு அப்போது அளவைப் பாடம் நடந்துகொண்டிருந்தது. நீளம் புரிந்துவிட்டது, அகலம்தான் குழப்பியது.

மாசாத்தனார் முந்திக்கொண்டார். அரண்மனைக் கம்பளம் ஒன்றை வரவழைத்து, வாசல்வரை உருட்டி விரிக்கச் செய்தார். "இளவரசி, இதோ அகலம்."

நங்கை கம்பளத்தின் மறுமுனைவரை ஓடிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். "இது நீளம்தானே?"

அவையில் யாரோ இருமினார்கள். அது இருமல் இல்லை என்பது மாசாத்தனாருக்குத் தெரியும்.

சேந்தன் எழுந்து கம்பளத்தின் குறுக்கே படுத்தான். தலை ஒரு பக்கம் வெளியே நின்றது; கால் மறுபக்கம் வெளியே நின்றது. "தாயே, இந்த விளிம்பிலிருந்து எதிர் விளிம்புக்குக் குறுக்கே இருப்பதே அகலம். பாருங்கள், எனக்கே போதவில்லை. ஆறு மலையிலிருந்து கடலுக்கு ஓடுவது நீளம். கரையிலிருந்து எதிர்க்கரைக்கு இருப்பது அகலம். வாழையிலையில் நடு நரம்பு போகும் வழி நீளம்; அதன் இரு பக்கமும் விரிந்திருப்பது அகலம். மயில் தோகையை மூடினால் ஒடுக்கம், விரித்தால் அகலம்."

"சந்து ஒடுக்கம், தேர் வீதி அகலம்" என்றாள் நங்கை.

"அவ்வளவுதான்."

"நம் நாட்டிலேயே மிக அகலமானது எது?"

"பேரேரி, தாயே. இக்கரையில் நின்றால் அக்கரை தெரியாது."

நங்கை அரண்மனையை விட்டு வெளியே போனதில்லை. "அதை நான் இங்கே சபையிலேயே பார்க்க வேண்டும், அப்பா" என்றாள். அரசருக்கு அந்த ஆசை மிகவும் பிடித்துவிட்டது. மகள் கேட்டதை இல்லையென்று சொல்லிப் பழகாதவர் அவர்.

மாசாத்தனாருடைய நெஞ்சில் ஒரு கதவு திறந்தது. "அரசே, ஏரியின் புகழ் பாடியவரே அதைக் கொண்டுவரட்டும். படமாக வேண்டாம், பாட்டாக வேண்டாம், குடத்தில் மொண்டும் வேண்டாம். ஒரு சொட்டும் குறையாமல், முழு அகலத்தோடு, சபையின்முன் இருக்க வேண்டும். பௌர்ணமிச் சபைக்குள் முடியாவிட்டால், அவருடைய மணையை ஒரு காக்கை உட்காரும் அளவுக்குச் செதுக்கிவிடலாம்."

"முடிந்துவிட்டால்?" என்றார் அரசர்.

"அரசர் விரும்பிய பரிசு" என்றார் மாசாத்தனார், அது ஒருபோதும் வழங்கப்படாது என்ற தாராளத்தோடு.

சேந்தன் வணங்கினான். "ஐயா காக்கைக்கும் இடம் ஒதுக்கியிருக்கிறார். பெரிய மனம்."

பௌர்ணமியன்று அரசர் அவைக்கு வந்தார். அரியணைமேல் வெண்குடை இல்லை. குடை விரியாமல் அந்நாட்டில் சபை கூடாது; அது விரிந்த இடமே சபை. விரித்த குடையைச் சபை முடியுமுன் சுருக்குவதும் கூடாது. காவலன் ஒருவன் மூச்சு வாங்க ஓடிவந்தான்.

"அரசே, விகடகவி விடிந்ததும் குடைக்காரரை அழைத்துக்கொண்டு போய், பேரேரிக் கரைமேல் குடையை விரித்து நட்டுவிட்டார்."

அரசரின் முகம் சிவந்தது. மாசாத்தனாருக்கோ பிறந்த நாள்முதல் காத்திருந்த செய்தி இதுதான் என்று தோன்றியது. ஏரியைக் கொண்டுவர இயலாதவன் குடையையும் களவாடிவிட்டான். இனி மணையே இராது.

"அரசே, இது சிறு குற்றமன்று" என்றார் அவர். "குடையை இப்போது சுருக்கவும் இயலாது. முறைப்படி சபை அங்கேதான் கூட வேண்டும். குற்றவாளியை அங்கேயே விசாரிப்போம். மணைகளை நான் கொண்டுசெல்கிறேன்."

வண்டிகளில் மணைகள் ஏறின. வழியெல்லாம் மாசாத்தனார் ஆட்களை விரட்டினார். கரையை அடைந்ததும் தாமே இறங்கி, குடையின்கீழ் ஒவ்வொரு மணையாக வரிசை பிசகாமல் இட்டார். சேந்தன் ஓரமாக நின்று, "அந்த மணை கொஞ்சம் கோணல், ஐயா" என்றான். மாசாத்தனார் அதையும் நேராக்கினார். பிறகு நிமிர்ந்தார்.

எதிரே நீர் இருந்தது. அதற்கு அப்பாலும் நீர்தான் இருந்தது.

பல்லக்கிலிருந்து இறங்கிய நங்கை கரையோரம் ஓடி, இரண்டு கைகளையும் இயன்றமட்டும் விரித்தாள். "அப்பா, என் கை போதவில்லை."

சேந்தன் அரசரை வணங்கினான். "அரசே, சபை கூடிவிட்டது. பேரேரி சபையின்முன் இருக்கிறது. ஒரு சொட்டும் குறையவில்லை."

"ஏரி எங்கே வந்தது?" என்றார் மாசாத்தனார். "அது கிடந்த இடத்திலேயே கிடக்கிறது. வந்தது சபை."

"சபையை நான் கொண்டுவரவில்லையே, ஐயா. என் கையில் இருந்தது ஒரு குடை. மற்றதெல்லாம் தங்கள் உழைப்பு."

அரசர் நீரைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், வியர்வை வழிய நின்ற மாசாத்தனாரைப் பார்த்தார். சிரிக்கத் தொடங்கினார். நெடுநேரம் அவரால் நிறுத்த முடியவில்லை.

"சேந்தா, உன் மணையை எவ்வளவு அகலமாக்கட்டும்?"

"தனியாக வேண்டாம், அரசே. பாதி உழைப்பு ஐயாவுடையது. எங்கள் இரு மணைகளையும் சேர்த்து ஒன்றாக அடித்துவிடுங்கள்."

மணை வண்டிகளோடு வந்திருந்த தச்சர் அங்கேயே வேலையை முடித்தார். அந்நாட்டு வரலாற்றிலேயே அதைவிட அகலமான மணை இருந்ததில்லை. மாசாத்தனார் அதன் ஒரு பாதியில் அமர்ந்தார். மறுபாதியில் சேந்தன் அமர்ந்தான். இனி இந்த அவையில் தம்மைவிட அகலமாக அமர்ந்தவர் எவருமில்லை என்று மாசாத்தனார் தமக்குத் தாமே சொல்லிப் பார்த்தார். அது உண்மைதான். உண்மையாக இருந்தும் உதவவில்லை.

சேந்தன் அவர் பக்கம் சாய்ந்து மெல்லச் சொன்னான்: "ஐயா, நடுக்கோடு என் பக்கம் கொஞ்சம் தள்ளி விழுந்திருக்கிறது போலிருக்கிறதே."

மாசாத்தனார் தம்மைத் தடுத்துக்கொள்ளுமுன் அவருடைய கை சாண் விரித்து மணைமேல் இறங்கிவிட்டது. அதைக் கண்ட அரசர் மீண்டும் சிரித்த சிரிப்பில் வெண்குடை ஆடியது.