பச்சைக் குமிழுக்கு மேலே ஒட்டிய வரி

"வார்த்தைதான் என்னைக் கவுத்துடுச்சு டீச்சர். என் மேல என்ன தப்பு?"

கேட்டவர் அருளப்பன். முப்பத்தாறு வருஷம் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் நடத்தி ஓய்வு பெற்றவர்.

டீச்சர் என்பது ஜீனத். வயது முப்பத்திரண்டு. தூத்துக்குடியில் கம்பெனி அறிவிப்புகளைத் தமிழாக்கித் தருகிறவள். அந்த வேலையைப் பழக அவளிடம் சேர்ந்திருந்தார்.

மீன் கம்பெனி ஒன்றின் ஐஸ் ரூமில், கதவின் உள்பக்கம் ஒரு பச்சைக் குமிழ். அதற்கு மேலே ஒட்ட அவர் எழுதிக் கொடுத்த வரி: 'உள்ளிருந்து பூட்ட முடியாது.'

இங்கிலீஷில் இருந்தது 'அன்லாக்கபிள் ஃப்ரம் இன்சைடு.' உள்ளே மாட்டிக்கொண்டால் குமிழை அழுத்திப் பூட்டைத் திறக்கலாம் என்று கம்பெனி சொல்ல வந்தது.

திங்கட்கிழமை யாரோ கவனிக்காமல் வெளியே பூட்டிவிட்டுப் போய்விட்டார்கள். உள்ளே, அங்கே வேலை பார்த்த புஷ்பமேரி.

மறுநாள் காலையில் விறைத்துச் செத்துக் கிடந்தாள். குமிழ் கைக்கு எட்டும் தூரம்தான். பாவி மகள், தொடவே இல்லை.

"முன்னால ஒரு 'அன்', பின்னால ஒரு 'ஏபிள்'. பூட்ட முடியாதுன்னும் எடுத்துக்கலாம், திறக்க முடியும்னும் எடுத்துக்கலாம். பாழாப்போன வார்த்தை!"

"எழுதும்போது ரெண்டும் தோணுச்சா சார்?"

"தோணுச்சு."

"சந்தேகம் வந்தா இங்க என்ன பண்ணுவோம்?"

"பென்சில்ல வட்டம் போட்டு உங்ககிட்ட கேக்கணும்."

"போட்டீங்களா?"



"உங்க வயசுல எனக்கு மக இருக்கா டீச்சர். உங்ககிட்ட எப்படிப் போய்க் கேக்க?"

ஜீனத் திட்டவில்லை. நானாக இருந்தால் திட்டியிருப்பேன். அவள் எழுந்து போய், வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஆளைக் கூட்டி வந்தாள்.

"இவர் சிலுவை. புஷ்பமேரி வீட்டுக்காரர். அண்ணே, அந்த நோட்டீஸ எழுதினது இந்த சார்தான், கேளுங்க."

சிலுவை உட்காரவில்லை.

"அவ நோட்டீஸ வாசிக்கலன்னு கம்பெனியில சொல்றாங்க சார். வாசிச்சிருந்தா பொழச்சிருப்பாளாம். புத்தி கெட்டவன்னு எம் பிள்ளைங்க முன்னாடியே சொல்றாங்க. எட்டாங்கிளாஸ் படிச்சவ சார். வாசிக்காமயா இருந்திருப்பா?"

அருளப்பன் ஜீனத்தைப் பார்த்தார்.

"என்னைப் பாக்காதீங்க. அவர் உங்களத்தான் கேக்குறார்."

அருளப்பன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"வாசிச்சிருக்காய்யா. நான் எழுதினத நம்பி, அது திறக்குற குமிழ் இல்லன்னுதான் தொடாம இருந்திருக்கா."